இந்த வருஷமும் பழைய வாடகைதான்

பெயின்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாகப் பெண் வீட்டுக்குப் போனபோதே வருங்கால மாமனாரிடம், "இந்த மூலையில பட்டி சரியாப் பாக்கலையே" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். முப்பது வருஷமாகியும் மனைவி அதைச் சொல்லிக் காட்டுவதை விடவில்லை. "அன்னிக்கு என்னைப் பாத்தீங்களா, சுவத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்பாள். "ரெண்டையும்தான்" என்பார். பொய். சுவரைத்தான் பார்த்தார்.

அவர் குடியிருந்த கட்டடத்தில் நாலு தளம், பன்னிரண்டு வீடு. லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்து முதல் வீட்டில் கட்டடத்தின் சொந்தக்காரர் இருந்தார். ஒரு காலத்தில் மருந்துக்கடையில் மருந்து கலக்கிக் கொடுத்தவர், அதனால் கடைசிவரை எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர்தான். அவருக்கும் மற்றப் பதினோரு வீட்டுக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருந்தது. காகிதத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். கட்டடத்தை அவரவர் கைவேலையால் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவர் வாடகையை ஏற்றாமல் இருக்க வேண்டியது. சுவரெல்லாம் பெயின்டர் பொறுப்பு. ஒயர், மோட்டார், படிக்கட்டு விளக்கெல்லாம் மூன்றாம் தளத்து மின்வேலைக்காரி பொறுப்பு. அவளைக் கட்டடமே 'கரண்டு' என்றுதான் கூப்பிடும். பாதி அவள் தொழிலால் வந்த பேர், மீதி அவள் வாயால் வந்தது. நாலாம் தளத்துத் தையல்காரம்மா திரை, உறை, மெத்தைத் தையல் என்று துணியில் ஆகவேண்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டார். தனி ஆள், அறுபத்தைந்து வயது, அந்த வீட்டில் இருபத்தெட்டு வருஷம்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பவுண்டர் டீ டம்ளரும் கையுமாக வீடு வீடாக வருவார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். குழாயைத் திறந்து மூடுவார். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார். எல்லாம் பார்த்துவிட்டு வாசலில் நின்று, "நல்லா வச்சிருக்கீங்க. இந்த வருஷமும் பழைய வாடகைதான்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக முந்தின வாரம் முழுக்கக் கட்டடம் தலைகீழாகும். சோப்புத் தண்ணீர் படிக்கட்டில் இறங்கித் தெருவரை போகும்.

சும்மா சொல்லக்கூடாது, கம்பவுண்டர் ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. பல்பு போனால்கூடத் தன் கையிலிருந்து வாங்கித் தரமாட்டார். வாடகைதான் அவர் வருமானம், அதில்தான் அவர் சாப்பிட்டார், மகளைப் படிக்கவைத்தார். ஆனால் போதும் என்று ஓர் அளவு அவரிடம் இருந்தது. அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று அவரையும் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. ஒரு மழைக்கால முடிவில், சுற்றிப் பார்க்க வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், அவர் போய்ச் சேர்ந்தார். வேறு நாட்டில் இருந்த மகள் வந்தாள், அழுதாள், கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு விற்றாள், போய்விட்டாள்.

அப்போதிருந்தே பெயின்டருக்கு ஒரு பயம். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரிப் படி வரைக்கும் அறுநூற்று நாற்பது அடி என்று அவள் எண்ணி வைத்திருந்தாள். போகும்போது அறுநூற்று நாற்பது, வரும்போது எழுநூறு, ஏனென்றால் வரும்போது காலடி சின்னதாகிவிடும். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வருகிறவள் பிழிந்து போட்ட துணி மாதிரி அவர் தோளில் சாய்ந்துகொண்டுதான் நடப்பாள். வழியில் ஒரு மரத்தடியில் ஒருமுறை உட்காருவாள். வீடு வந்ததும் படுத்துவிடுவாள். அந்த இரண்டு தெரு இருப்பதால்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். இந்த வீடு போனால் அந்த வட்டாரத்தில் அவர் சம்பாத்தியத்துக்கு வேறு வீடு கிடையாது. ஊருக்கு வெளியே போகவேண்டும். மனைவியின் உடம்பு அதைத் தாங்காது என்று டாக்டர் சொல்லவேண்டிய அவசியமில்லை, அவருக்கே தெரியும்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்து நாளில் கட்டடத்தைப் பார்வையிட ஆள் வருவார், அதற்கப்புறம் புது வாடகை ஒப்பந்தம். பதினோரு வீட்டுக்காரர்களும் மொட்டைமாடியில் கூடினார்கள்.

"நல்லா வச்சிருக்கறவங்கள யாரு போகச் சொல்லுவாங்க?" என்றார் பெயின்டர். "கம்பவுண்டருக்குச் செஞ்சத இவங்களுக்கும் செய்வோம். அதைவிட ஒரு படி மேலயே செய்வோம். வர்றவங்க மனசு குளிரணும்."

கரண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அண்ணே, கம்பவுண்டர் வந்தது நாம வீட்டக் கெடுக்காம இருக்கோமான்னு பாக்க. இவங்க வர்றது எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எதுக்கு வந்தா என்ன? பாக்கத்தானே வர்றாங்க."

"அந்தப் படிக்கட்டுச் சுவர்ல கசிவு இருக்குல்ல? அத அப்படியே விடுங்க. பெயின்ட் உரிஞ்சது உரிஞ்சபடியே இருக்கட்டும். இருக்கறத இருக்கற மாதிரி பாத்துட்டுப் போகட்டும்."

பெயின்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சுவரோடு அவர் ஆறு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நான் குடியிருக்கற கட்டடத்துல சுவரு உரிஞ்சு தொங்குறத வெளியாள் பாக்கணுமா? நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"வாடகைக்கு விடறத லாபத்துக்கு நடத்துற கம்பெனிண்ணே அது. நாலு ஊர்ல நாப்பது கட்டடம் வச்சிருக்காங்க."

"லாபம் பாக்காம? காசு போட்டவன் லாபம் பாக்கத்தான் செய்வான். நான் ஒரு வீடு அடிச்சா லாபம் பாக்கலையா? நீ ஒயர் இழுத்தா சும்மாவா இழுக்கற?"

"நான் சொல்றது வேற. குடியிருக்கற எடம் தண்ணி மாதிரி, ரோடு மாதிரி. அத வச்சு எவனும் லாபம் பாக்கக் கூடாது. ஊருக்குப் பொதுவா இருக்கணும்."

"ஊருக்குப் பொதுன்னா தெருமுனைக் குழாய் மாதிரிதான் இருக்கும். அதுக்குப் பெயின்ட் அடிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு போய்ப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கரண்டும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் பெயின்டர் சொன்னதில் நகைச்சுவை இருந்தது. கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

பதினான்கு நாளும் கட்டடத்தில் திருமண வீட்டு ஆர்ப்பாட்டம். பெயின்டர் வெளி வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. படிக்கட்டுச் சுவரைச் செங்கல் தெரியும்வரை கொத்தினார், மூன்றாம் தளத்தில் ஒழுகிய குழாயை மாற்றவைத்தார், காயவிட்டார், பூசினார், பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பிரைமர் அடித்தார், அதன்மேல் இரண்டு கை நல்ல பெயின்ட். அந்த நல்ல பெயின்ட் அவர் தன் வீட்டுக்கென்று கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது. டப்பாவை மனைவியே காலால் தள்ளிக் கொடுத்தாள். கரண்டு முணுமுணுத்துக்கொண்டே எல்லாப் படிக்கட்டுக்கும் புது விளக்கு போட்டாள். தையல்காரம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு எட்டுப் படிக்கட்டு ஜன்னலுக்கும் வெளிர்நீலத்தில் திரை தைத்து மாட்டினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பார்வையிட வந்தது ஓர் இளம்பெண். கையில் தட்டையான கணினிப் பலகை, கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். அது பெயின்டருக்குப் பிடித்துப்போனது. மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்தார். அவளைக் கூட்டிக்கொண்டு அவரே தளம் தளமாக ஏறினார்.

"இந்தச் சுவத்துல கசிவு இருந்ததா ஐயா?"

"இருந்துச்சும்மா. ஆறு வருஷமா இருந்துச்சு. கொத்திப் பூசிட்டோம். இனி பத்து வருஷம் கவலையில்ல."

அவள் தொட்டுப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். பெயின்டருக்கு வாய் நிற்கவில்லை. விளக்கு புதுசு, ஒயர் போன வருஷம் மாற்றியது, தண்ணீர்த் தொட்டி கழுவியது, மாடித் தரையில் வெடிப்பு அடைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். அவள் ஒன்று விடாமல் எழுதினாள். "நாங்களே செஞ்சதுங்க எல்லாம்" என்று நாலு தரம் சொன்னார். அதை மட்டும் அவள் எழுதினாளா என்று அவர் கவனிக்கவில்லை. போகும்போது அவள், "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க ஐயா" என்றாள்.

அடுத்த வார்த்தை 'இந்த வருஷமும்' என்று வரும் என பெயின்டர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கட்டடம் முதல்தர நிலையில் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. கசிவற்ற சுவர், புதிய மின்விளக்கு, படிக்கட்டு ஜன்னல் திரைகள் எட்டு. ஆகவே வாடகை அந்த வட்டாரத்து முதல்தர வீடுகளுக்கு இணையாகத் திருத்தப்படுகிறது. பழையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு மாதம் அவகாசம், இருக்க விரும்பாதவர்கள் காலி செய்யலாம்.

பெயின்டர் அந்தக் கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று படித்தார். தான் வாயால் சொன்னதெல்லாம் அச்சில் வரிசையாக இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்டு மேலேயிருந்து இறங்கி வந்தாள், அவள் கையிலும் அதே கடிதம். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். அங்கும் முதலில் சுவரைத்தான் பார்த்தார், நல்ல வேலை. அதே பெண்தான் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அதெல்லாம் நாங்க செஞ்சது. எங்க பெயின்ட்டு, எங்க கூலி. நாங்க செஞ்சதுக்கு எங்ககிட்டயே எப்படிம்மா வாடகை கேக்கறது?"

"ரசீது ஏதாவது வச்சிருக்கீங்களா ஐயா? செய்யறதுக்கு முன்னால எடுத்த போட்டோ? பழைய சொந்தக்காரர் கையெழுத்து போட்டது?"

"எங்களுக்குள்ள கையெழுத்து எதுக்கும்மா?"

அவள் முகம் வாடியது. அவள் கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "கட்டடம் யாரோடதோ, அதுல ஒட்டினதும் அவங்களோடதுதான் ஐயா. விதி அப்படி. நீங்க சொன்னதால நான் எழுதல. இருந்ததால எழுதினேன்."

"பெயின்ட் உரிஞ்சு கிடந்திருந்தா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மூணாந்தரம்னு எழுதியிருப்பேன். கொஞ்சம்தான் ஏத்தியிருப்பாங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் பெயின்டர் ஒரே கணக்கைத்தான் போட்டார். அவர் ஒரு சுவரை அடித்தால் ஒரு தடவை கூலி, அதோடு சரி. அந்தச் சுவருக்கு இவர்கள் மாதாமாதம் கூலி வாங்கப்போகிறார்கள், அதுவும் அடித்தவனிடமே. லாபம் லாபம் என்று மாடியில் நின்று பேசியது நினைவுக்கு வந்ததும் நடுத்தெருவில் அவருக்கு முகம் எரிந்தது.

முதலில் போனது தையல்காரம்மா. ஊர்க்கோடியில் ஒரு தங்கை வீட்டில் ஓர் ஓரம் கிடைத்தது. மெஷினைத் தூக்கி வண்டியில் வைத்தபிறகு படிக்கட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் திரையெல்லாம் எடுத்துக்கலாமா தம்பி? நல்ல துணி. ரெண்டு பாவாடையாவது ஆகும்."

பெயின்டர் நிமிர்ந்து திரைகளைப் பார்த்தார். கடிதத்தில் 'திரைகள் எட்டு' என்று எண்ணிப் போட்டிருந்தது அவருக்கும் தெரியும். தையல்காரம்மாவுக்கும் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. "சரி, இருக்கட்டும். வர்றவங்களுக்கு வெயில் அடிக்காம இருக்கும்" என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் அந்தக் கம்பெனிப் பெண்ணே போன் செய்தாள். காலியாகிற வீடுகளைப் புதிதாக அடித்துத் தரவேண்டும், கம்பெனியின் மற்றக் கட்டடங்களிலும் வேலை இருக்கிறது, ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். "உங்க படிக்கட்டுச் சுவத்த எங்க மேலாளர் பாத்தாரு ஐயா. அந்தக் கை வேணும்னாரு." கிடைக்கிற தொகையை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். புது வாடகையைக் கட்டிவிடலாம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். அறுநூற்று நாற்பது அடி மிஞ்சும். போனை வைப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டார்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவரைக் குறைசொல்ல வாய் வரவில்லை.

கரண்டு கேள்விப்பட்டு வந்தாள். "நீங்க அடிக்கலன்னா வேற ஒருத்தன் அடிப்பான், எனக்கும் தெரியும்ணே. அக்கா உடம்பும் எனக்குத் தெரியும். ஆனா காலியான வீட்டுக்குள்ள லைட் போட என்னைக் கூப்பிடாதீங்க." மற்ற வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வாடகைதாரர் சங்கம் ஒன்று தொடங்கும் முயற்சியில் அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தாள். பெயின்டரைக் கையெழுத்துக் கேட்கவில்லை.

தையல்காரம்மாவின் வீட்டை அடிக்க அவருக்கு நாலு நாள் ஆனது. சுவர் வேலை இரண்டு நாள்தான். மற்ற இரண்டு நாளும் தரையில் உட்கார்ந்து குண்டூசி பொறுக்கினார். தரை வெடிப்பிலெல்லாம் குண்டூசி, இருபத்தெட்டு வருஷத்துக் குண்டூசி. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அதை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பெயின்ட் டப்பா இருந்த இடத்தில், கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

மனைவி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை வீட்டு டப்பா இங்க வரப்போகுதுங்க?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தானே செய்யறேன்."

"தெரியும். அதனாலதான் கேட்டேன்."

கம்பெனி அவரை அனுப்பிய முதல் வெளிக் கட்டடம் நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. மூன்று தளம், எட்டு வீடு, எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். வெளிச்சுவரும் வாசலும் மட்டும் அடிக்கவேண்டும். அவர் போன காலையில் ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி போட்டுப் படிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள் என்று சொன்னாள், இன்றைக்கு லீவு போட்டிருக்கிறாளாம். அவள் கணவன் ஸ்டூலில் ஏறிக் கைப்பிடிக் கம்பிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கோடு கோடாக அடித்திருந்தான். வேறு நாளாக இருந்தால் பெயின்டர் பிரஷைப் பிடுங்கியிருப்பார்.

"வாங்கண்ணே, கம்பெனியிலேருந்தா? நல்ல மனுசங்க போல. சொந்தச் செலவுல வெளிச்சுவரு அடிச்சுக் குடுக்கறாங்களே" என்றாள் அவள். "அடுத்த வாரம் பாக்க வர்றாங்களாம். அதான் நாங்களும் எங்களால ஆனதச் செய்யறோம். நல்லா வச்சிருக்கறவங்கள யாரு போகச் சொல்லுவாங்க?"

பெயின்டர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். மாடியில் நின்று தான் சொன்ன அதே வார்த்தை, எழுத்துக்கூட மாறாமல். ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால்சட்டை நனைந்தது.

"ஐயோ, ஈரம்ணே, எழுந்திருங்க."

"தேய்க்காதம்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். கம்பவுண்டரிலிருந்து குண்டூசி வரைக்கும் சொன்னார். இந்தப் படியை அவள் தேய்க்கத் தேய்க்க அவள் வாடகைதான் ஏறுகிறது, இந்தச் சுவரைத் தான் அடிக்க அடிக்கவும் அதேதான் என்று சொன்னார். இதுவரை இந்தக் கட்டடத்தில் அவர்கள் செய்ததையெல்லாம் தேதியோடு எழுதிவைக்கச் சொன்னார். கம்பி துருப்பிடித்த இடத்தை, அடிக்காமல் மிச்சமிருக்கிற பக்கத்தை, இப்போதே போட்டோ எடுக்கச் சொன்னார். கரண்டின் போன் நம்பரைச் சுவரில் பென்சிலால் எழுதினார். தொழிலில் இருக்கிற எவனும் சுவரில் எழுதமாட்டான்.

கணவன் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தான். பச்சைக் கையோடு அவரையே பார்த்தான். "இத எங்ககிட்ட சொல்லிட்டீங்களே, உங்க வேலை?"

பெயின்டர் வாளியையும் பிரஷையும் எடுத்துக்கொண்டார். பதில் அவருக்கே தெரிந்துதான் இருந்தது. அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் கம்பெனிக்குப் போன் செய்து அந்த வேலையைத் தான் செய்யப்போவதில்லை என்று சொன்னார். கம்பெனிப் பெண், "அப்போ ஒப்பந்தம் ரத்தாயிடும் ஐயா. உங்க வீட்டு வாடகை?" என்றாள். அவள் குரலில் அக்கறை இருந்தது. அது நிஜமான அக்கறைதான். அதை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்யமுடியாது.

வீட்டுக்கு வந்தபோது மதியம். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முப்பது வருஷத்தில் அவளிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல இவ்வளவு பயந்ததில்லை. சொல்லி முடித்து, "உன்னைக் கொன்னுட்டேனோன்னு பயமா இருக்கு" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். இல்லையென்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு தேய்க்கறத நிறுத்துச்சா?" என்று கேட்டாள்.

"நிறுத்திட்டா."

"அப்போ சரி" என்றாள். கொஞ்சம் கழித்து, "கரண்டு சங்கத்துப் பேப்பர எடுத்துட்டு வரச்சொல்லுங்க. என் கையெழுத்தையும் போடறேன்" என்றாள்.

சங்கம் மனு கொடுத்தது. மனு எங்கேயோ ஒரு மேசைமேல் இருந்தது. அவகாசம் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தில் ஒற்றை அறை ஒன்றை பெயின்டர் பார்த்து வைத்தார். சுவரெல்லாம் உரிந்திருந்தது. அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னால், டயாலிசிஸ் நாளன்று, அவள் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி நின்றாள்.

"இன்னிக்கு பஸ்ல போலாங்க."

"ரெண்டு தெருவுக்கு பஸ்ஸா?"

"இங்கேருந்து இல்ல. முதல்ல அங்க போவோம். அங்கேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவோம். தாங்குதா இல்லையான்னு இப்பவே தெரிஞ்சுக்கணும்ல."

ஆட்டோவில் அங்கே போய் இறங்கி, பஸ் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. அவள் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது நிறுத்தத்தில் முகம் வெளுத்தது. அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் மட்டும் கொடுத்தார், அதற்குமேல் அவளுக்குக் கூடாது. போகும்போதே இப்படியென்றால் வரும்போது எப்படி என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

இருபத்து நாலாவது நிறுத்தம் தாண்டி பஸ் அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. போக்குவரத்தில் கட்டடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றது. காலை வெயில் படிக்கட்டு ஜன்னல்களில் விழுந்திருந்தது. எட்டு நீலத் திரையும் காற்றில் ஆடின. முன் இருக்கையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் பக்கத்திலிருந்தவளைத் தட்டிக் காட்டினாள்.

"பாருக்கா, எவ்வளவு அழகா வச்சிருக்காங்க. இந்த மாதிரி ஒரு வீட்டுல இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

பெயின்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பேசினால் மூச்சு வாங்கும், ஆனாலும் பேசினாள்.

"அது இவரு அடிச்சதும்மா" என்றாள், பஸ்ஸில் நாலு பேருக்குக் கேட்கும்படி. "அந்தச் சுவரு முழுக்க இவரு கை."

முன் இருக்கைப் பெண் திரும்பி அவரை மரியாதையோடு பார்த்தாள். "அப்போ நீங்க அங்கதான் இருக்கீங்களா?"

பஸ் கிளம்பியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தை எண்ண ஆரம்பித்தாள்.